பீட்சா மாவு ஏன் சுருங்கிக்கொள்கிறது?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே பீட்சா செய்கிறோம். மாவு பிசைவது நான், பரப்புவது மகள், மேலே காய் அடுக்குவது மகனும் மாமியாரும். அரைக் கிலோ மைதாவுக்கு இரண்டு டீஸ்பூன் ஈஸ்ட் போட்டு முக்கால் மணி நேரம் வைக்கிறேன். மாவு நன்றாகத்தான் பொங்குகிறது. ஆனால் சப்பாத்திக் கட்டையால் தேய்த்தால், தேய்த்த வேகத்தில் சுருங்கிவிடுகிறது. "மாவு ஏம்மா மறுபடி மறுபடி உள்ள போகுது?" என்று மகள் கேட்கிறாள். ஓடிஜி அடுப்பில் வைத்து எடுத்தால் ஓரம் காய்ந்து கடினமாகிறது. நடுவில் அடி வெள்ளையாக, ஈரமாகவே இருக்கிறது. ஈஸ்டை இன்னும் கூட்டிப் போடச் சொல்கிறார்கள். கூட்டலாமா?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: கூட்ட வேண்டாம் சகோதரி, குறைத்துவிடுங்கள். இப்போது போடுவதில் கால் பங்கு போதும். அதற்கு முன், உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். மாவு "உள்ள போகுது" என்று அவள் கவனித்ததில்தான் பாதி விடை இருக்கிறது. பெரியவர்கள் பொதுவாக மாவு எவ்வளவு பொங்கியது என்று பார்ப்போம். எப்படி இழுபடுகிறது என்று பார்க்க மாட்டோம்.

முதலில் ஈஸ்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். ஈஸ்ட் என்பது ஒரு செல் பூஞ்சை. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளியிடும். அந்த வாயுதான் மாவை ஊதிப் பெரிதாக்குகிறது. மாவை இளக்குவதும், அடியைச் சிவக்க வைப்பதும் ஈஸ்டின் கையில் இல்லை. ஈஸ்டைக் கூட்டினால் வாயு சீக்கிரம் வரும், அவ்வளவுதான். கூடவே ஈஸ்ட் வாடை மாவில் தங்கிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் நேபிள்ஸ் பீட்சாவுக்கு ஒரு செய்முறை வரையறையைச் சட்டமாகவே வெளியிட்டது. அதன்படி ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 1.8 கிலோ மாவு, 50 முதல் 55 கிராம் உப்பு. ஈஸ்ட்? வெறும் 3 கிராம். அதுவும் ஈரப்பதத்தோடு கட்டியாக வரும் புது ஈஸ்ட். நாம் கடையில் வாங்கும் குருணை ஈஸ்டாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு கிராம்தான் வரும். நீங்கள் அரைக் கிலோவுக்கு ஆறு கிராம் அளவுக்குப் போடுகிறீர்கள். அவர்களுக்கு அவ்வளவு குறைந்த ஈஸ்ட் எப்படிப் போதுகிறது என்றால், அந்த வரையறையே மாவை முதலில் இரண்டு மணி நேரமும், உருண்டை பிடித்த பிறகு நான்கிலிருந்து ஆறு மணி நேரமும் வைக்கச் சொல்கிறது. நீங்கள் முக்கால் மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் மாவுக்குக் குறைவது ஈஸ்ட் அல்ல, நேரம்.

இனி மகளின் கேள்விக்கு வருகிறேன். மைதாவில் தண்ணீர் சேர்ந்ததும் அதிலுள்ள இரண்டு புரதங்கள் கைகோத்து ஒரு வலையாகின்றன. அந்த வலைக்குத்தான் குளூட்டன் என்று பெயர். இரண்டு புரதங்களில் குளூட்டெனின் என்பது இழுத்தால் திரும்பி வரும் குணம் கொண்டது. கிளையடின் என்பது இழுத்த இழுப்புக்கு நீளும் குணம் கொண்டது. பிசையப் பிசைய வலை இறுகுகிறது. திரும்பி வரும் குணம் ஓங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் கட்டையைக் கொண்டு தேய்த்தால், மாவு தன் பழைய இடத்துக்கே போகும். சும்மா விட்டுவைத்தால் இறுகிய இணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து இடம் மாறி அமைகின்றன. பிறகு இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கும்.

இது நமக்குப் புதிதே இல்லை. பரோட்டா மாஸ்டர் மைதாவைப் பிசைந்த கையோடு வீச ஆரம்பிப்பதில்லை. உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார். அதே உருண்டையைப் பின்னால் எடுத்து வீசும்போது கண்ணாடி போல விரிகிறது. அதில் ஈஸ்ட் ஒரு துளியும் கிடையாது. உங்கள் வீட்டில் ஈஸ்டைக் கூட்டச் சொல்பவர்களிடம் இந்த ஒன்றைச் சொன்னாலே போதும்.

நேரம் இன்னொரு வேலையும் செய்கிறது. மாவிலேயே சில நொதிகள் இருக்கின்றன. நொதி என்பது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். ஒரு வகை நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். இன்னொரு வகை குளூட்டன் வலையை மெல்ல இளக்கும். இரண்டும் நிதானமாக நடப்பவை. இரவு முழுவதும் வைத்த மாவு எளிதில் விரிவதும், அடுப்பில் நன்றாகச் சிவப்பதும், கூடுதல் ருசியோடு இருப்பதும் இதனால்தான்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை, மாவு கையில் ஒட்டினால் உடனே இன்னும் கொஞ்சம் மைதாவைத் தூவும். பீட்சா மாவு ஒட்டத்தான் வேண்டும். அரைக் கிலோ மைதாவுக்கு 310 முதல் 325 மில்லி தண்ணீர் என்று அளந்து ஊற்றுங்கள். கெட்டியான மாவில் வலை நகர இடமில்லை. அது கூடுதலாகச் சுருங்கும், சுடும்போது சீக்கிரம் காயும். முதலில் பிசுபிசுவென்று இருக்கும். பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டு மறுபடி பிசைந்தால் நீங்களே வியக்கும்படி வழுவழுப்பாகிவிடும். போதுமான அளவு பிசைந்தாயிற்றா என்று பார்க்கும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள்: நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து நான்கு விரல்களால் மெதுவாக இழுக்க வேண்டும். கிழியாமல் மறுபக்க வெளிச்சம் தெரிந்தால் வலை உருவாகிவிட்டது.

சப்பாத்திக் கட்டையை மட்டும் அன்றைக்கு எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஈஸ்ட் மணிக்கணக்கில் உழைத்துச் சேர்த்த வாயு முழுவதையும் அது ஒரே உருட்டலில் வெளியேற்றிவிடும். அப்புறம் ஓரம் எங்கே உப்பும்? நான் சொன்ன அந்த வரையறையிலேயே கட்டைக்குத் தடை இருக்கிறது. விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்த வேண்டும். விளிம்பில் ஒரு விரற்கடை அகலத்தைத் தொடக்கூடாது. பிறகு இரண்டு கை முட்டிகளின் மேல் போட்டுச் சுற்றிச் சுற்றி இழுக்கலாம். அப்போதும் மாவு சுருங்கினால் அதனோடு மல்லுக்கட்டாமல் பத்து நிமிடம் துணி போட்டு மூடிவிடுங்கள். வட்டமாக வரவில்லையே என்று மகள் வருந்தினால், கோணலாக வரும் பீட்சாவின் ருசி குறைவதில்லை என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

இப்போது அடிப்பாகத்துக்கு வருவோம். ஓரம் கடினம், நடுவில் ஈரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் எதிரெதிரான குறைகள் போலத் தோன்றும். ஒன்று அதிகம் வெந்ததால், மற்றது குறைவாக வெந்ததால் என்று நினைப்போம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சூடு மெதுவாகச் சேர்வது.

மாவு பொன்னிறமாவது மயார் வினையால். புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் கொடுப்பதுதான் அது. 1912-ல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயாரின் பெயர் நிலைத்துவிட்டது. அது சுறுசுறுப்பாக நடக்க ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். தண்ணீரோ 100 டிகிரியில் கொதிக்கத் தொடங்கினால், அது ஆவியாகி முடியும்வரை அந்த இடத்தின் சூட்டை மேலே ஏறவிடாது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். உங்கள் பீட்சாவின் நடுப்பகுதி அடுப்பிலிருந்த நேரம் முழுக்க இந்த 540-ஐச் செலுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் வெளுத்துப்போய் இருக்கிறது. தக்காளிச் சாந்து படாத ஓரத்துக்கு அந்தச் செலவு இல்லை; அது காத்திருந்து காத்திருந்து காய்ந்துவிட்டது.

நேபிள்ஸின் விறகு அடுப்பில் தரையின் சூடு சுமார் 485 டிகிரி. பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வெந்து வெளியே வருகிறது. ஓரம் காய்வதற்கு அங்கே அவகாசமே கிடையாது. வீட்டு ஓடிஜி பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அந்தக் குறையை முழுதாக ஈடுகட்ட முடியாது, பெருமளவு ஈடுகட்டலாம். அதற்கான கருவி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தோசைக்கல்தான்.

குளிர்ந்த அலுமினியத் தட்டில் மாவைப் பரப்பி அப்படியே அடுப்புக்குள் வைத்தால், முதலில் தட்டு சூடேற வேண்டும், பிறகுதான் மாவுக்கு வரும். கனமான இரும்புக் கல்லை அடுப்பின் கீழ்த்தட்டில் வைத்து, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு, 250 டிகிரியில் முப்பது நாற்பது நிமிடம் காயவிடுங்கள். அடுப்பின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதே என்று அவசரப்படாதீர்கள். காற்று சூடாகிவிட்டதைத்தான் அது சொல்கிறது, இரும்பு சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். கனமான இரும்பு நிறையச் சூட்டைச் சேர்த்து வைத்து, மாவு பட்டவுடன் சட்டென்று கொடுக்கும். மரம் அல்லது பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள கல் வேண்டாம். நான்ஸ்டிக் கல் வேண்டவே வேண்டாம், அதை வெறுமையாகக் காயவைக்கக் கூடாது.

மாவை அந்தக் கல்மேல் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? விளிம்பில்லாத தட்டு ஒன்றில், அல்லது தட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன் முதுகில், ரவையைத் தூவி மாவை அதன்மேல் பரப்புங்கள். சாந்தும் சீஸும் வைத்தவுடன் தட்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். மாவு வழுக்கினால் அப்படியே கல்மேல் தள்ளிவிடலாம். இதை மட்டும் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். ஏழிலிருந்து பத்து நிமிடத்தில் வெந்துவிடும். கடைசி ஒரு நிமிடம் மேல் கம்பியை மட்டும் போட்டால் சீஸ் சிவக்கும்.

அடுத்தது, மேலே வைப்பது. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர். ரசத்துக்கு நாட்டுத் தக்காளிக்கு ஈடில்லை; பீட்சாவுக்கு அது சாறு கூடியது. சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளியை வாங்கி, கொதிநீரில் போட்டுத் தோலுரித்து, விதைச் சாற்றைப் பிழிந்துவிட்டு, பூண்டும் எண்ணெயும் உப்பும் சேர்த்துச் சுண்ட வையுங்கள். கரண்டியால் வழித்த தடம் மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் சரி. ஒரு பீட்சாவுக்கு மூன்று டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். குடைமிளகாய், வெங்காயம், காளான் எல்லாம் சூட்டில் நீர்விடுபவை. சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி, ஆறவைத்து, அளவாக அடுக்குங்கள். இந்த ஓர் இடத்தில் உங்கள் மகனையும் மாமியாரையும் கொஞ்சம் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். அன்பினால் அள்ளி வைக்கிறார்கள்; அந்தக் காய்களின் சாறு முழுக்க அடிமாவில் இறங்குகிறது. ஆளுக்கொரு சிறிய பீட்சா என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் தானாகவே தீரும். ஒன்றில் காய் கூடினாலும் மற்றவை தப்பித்துவிடும். மாமியாருக்குப் பச்சை மிளகாயும் பனீரும், மகனுக்கு வெறும் சீஸ் என்று அவரவர் விருப்பமும் நடக்கும்.

சீஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு வார்த்தை. மொசரெல்லா இழுபடுவது, அதிலுள்ள கேசீன் என்ற பால் புரதத்தைக் கால்சியம் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பதால். பிராசஸ்ட் சீஸ் கட்டிகளில் அந்தக் கால்சியப் பிணைப்பைத் தளர்த்தும் உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். அதனால் அவை வழவழவென்று உருகும், நூலாக இழுபடாது. நீரில் மிதக்கும் வெள்ளை உருண்டையாக விற்கும் புது மொசரெல்லா விறகடுப்புக்குப் பொருந்தும். வீட்டு அடுப்பில் அதன் தண்ணீரே வில்லங்கம். ஈரம் குறைந்த கட்டியாக வாங்கி நீங்களே துருவிக்கொள்வது நல்லது.

குடும்பமாகச் செய்கிறீர்கள் என்பதால், நேரத்தை இப்படி வகுத்துக்கொண்டால் சரிவரும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அரைக் கிலோ மைதா, 320 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். நேபிள்ஸ் செய்முறையில் சர்க்கரையும் எண்ணெயும் கிடையாது. குறைந்த சூட்டில் சிவக்கவும் மென்மை கெடாமல் இருக்கவும் நமக்கு அவை உதவும். தண்ணீர் சாதாரணமாக இருந்தால் போதும். வெந்நீர் ஊற்றாதீர்கள், 55, 60 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். பிள்ளைகள் மாறி மாறிப் பிசையட்டும். ஒரு மணி நேரம் வெளியே வைத்து, நான்கு உருண்டையாக்கி, எண்ணெய் தடவிய மூடியுள்ள டப்பாக்களில் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். குளிரில் ஈஸ்ட் நிதானமாகும். நொதிகள் இரவெல்லாம் வேலை செய்யும்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு டப்பாக்களை வெளியே எடுங்கள். திருச்சி வெயிலுக்கு ஒன்றரை மணி நேரத்தில் மாவு இளகிவிடும். மார்கழியென்றால் இரண்டு மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த மாவை இழுத்தால் அதுவும் சுருங்கும் என்பதால் இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டாம். ஐந்தே முக்காலுக்குக் கல்லை அடுப்பில் ஏற்றினால் ஆறரைக்குப் பரப்பத் தொடங்கலாம். சனிக்கிழமை நினைவில்லாமல் போனால், அதே அளவில் ஞாயிறு காலை பதினோரு மணி வாக்கில் பிசைந்து வெளியிலேயே நான்கைந்து மணி நேரம் வைத்தாலும் மோசமில்லை. உருண்டைகளை மட்டும் பரப்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிடித்துவிடுங்கள். ருசியில் வித்தியாசம் தெரியும். இழுபடுவதில் குறை இருக்காது.

இன்னொன்று, ஓடிஜி இல்லாத வாசகர்களுக்காக. கல்லை மிதமான தீயில் நன்றாகக் காயவைத்து, மாவை மெல்லியதாகப் பரப்பிப் போட்டு, அடியில் பழுப்புப் புள்ளிகள் வரும்வரை, சுமார் இரண்டு நிமிடம் விடுங்கள். திருப்பிப் போட்டு, தீயைக் குறைத்து, வெந்த பக்கத்தின் மேல் சாந்தும் சீஸும் வைத்து மூடிவிட்டால் நான்கைந்து நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். மேல்பக்கம் சிவக்காது. ஆனால் அடி, ஓடிஜியில் குளிர்ந்த தட்டு வைத்துச் சுட்டதைவிடப் பல மடங்கு நன்றாக வரும். சாதாரண மைக்ரோவேவ் முறையில் மட்டும் சுடாதீர்கள். அது மாவிலுள்ள தண்ணீரைச் சூடாக்கும், சிவக்க வைக்காது. ஆறியதும் மாவு சவ்வாகிவிடும்.

கடைசியாக உங்களிடம் மிச்சமிருக்கப்போகும் ஈஸ்டைப் பற்றி. பிரித்த பாக்கெட்டை அடுப்படி அலமாரியில் வைத்தால் ஈரக்காற்றில் அதன் வீரியம் போய்விடும். காற்றுப் புகாத சிறிய டப்பாவில் போட்டு, தேதி எழுதி, ஃபிரீசரில் வையுங்கள். வாரத்துக்கு அரை டீஸ்பூன் என்ற கணக்கில் ஒரு பாக்கெட் பல மாதங்களுக்கு வரும்.